அக்கா பிடித்த வயர்

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால், அவளுடைய புருஷனான மச்சானின் ஆட்டோ நிற்கிறது. பின்பக்கத்து எஞ்சின் மூடி திறந்திருக்கிறது. அதற்கு நேரே ஈரத் தரையில் அக்கா வெறுங்காலோடு குந்தியிருக்கிறாள். பிளக்கிலிருந்து கழற்றிய கறுப்பு வயரின் நுனி அவளுடைய வலது கைக்குள் இருக்கிறது. முன் சீட்டில் இருக்கும் மச்சான், ஸ்டார்ட் பண்ணும் கம்பியை ஒரு இழுப்பு இழுக்கிறார். அக்காவின் உடம்பு தூக்கிப் போடுகிறது. "வருதா?" என்று முன்னாலிருந்து கேட்கிறார். "வருதுங்க" என்கிறாள் அக்கா. மறுபடியும் இழுக்கிறார்.

பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த நான், லீவு கிடைத்த அந்த ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் இருந்த பாண் ரொட்டிப் பொட்டலத்தோடு பாதையிலேயே நின்றுவிட்டேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பாரமான சாமானைத் தூக்கப் போய்த் தடுமாறுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, கிட்ட வராதே என்பது போல இடது கையை லேசாக அசைத்தாள். வலது கை வயரை விடவில்லை.

மச்சானிடம் ஆட்டோ இருந்ததுதான் அந்தக் கல்யாணத்துக்குக் காரணம். அக்கா தெமோதரையில் எங்கள் அம்மாவோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். மாப்பிள்ளை தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியாதவர், விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை, சொந்த வண்டி ஓட்டுகிறார் என்று தரகர் சொன்னதும், அவளாவது மலையில் நனையாமல் இருக்கட்டும் என்று அம்மா உடனே சம்மதித்துவிட்டார். கல்யாணமான முதல் மாதத்திலேயே மச்சான் அக்காவின் காதில் அறைந்திருக்கிறார். குழம்பில் உப்பு கூடினால் அடி, சிரித்தால் அடி, சிரிக்காமல் இருந்தால் அதற்கும் அடி. குழந்தை தங்காமல் போனதும் அது ஒரு கூடுதல் சாட்டாயிற்று. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும், இன்றைக்கும் அவரை 'அவன்' என்று எழுத என் கை வரவில்லை. சின்ன வயதில் பழகிய மரியாதை நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வருடம் ஆட்டோவில் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. பள்ளத்தில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் டப் டப்பென்று அடைத்து, இழுக்க முடியாமல் திணறி, சில நேரம் சந்தியிலேயே நின்றுவிடும். வாடகை பேசி ஹயருக்கு ஏறியவர்கள் பாதியில் இறங்கிப் போனார்கள். லுணுகலையில் கராஜ் வைத்திருந்தவரிடம் முன்பொரு தரம் கைகலப்பாகி அவருடைய மூக்கை உடைத்திருந்ததால், மச்சானின் வண்டியை அங்கே யாரும் தொடத் தயாராக இல்லை. அதனால் வீட்டு வாசலிலேயே தானே கழற்றினார். பிளக்கை மாற்றினார். காப்ரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டாங்கியை வடித்தார். தண்ணீர் ஊற்றியது அக்காதான் என்று சொல்லி அன்றைக்கும் அடித்தார். ஒன்றும் சரிவரவில்லை.

பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் கம்பியை இழுக்க, இன்னொருவர் பின்னால் பிளக்கை எஞ்சின் இரும்பில் வைத்து, நீலப் பொறி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் அக்கா அப்படித்தான் பார்த்துச் சொன்னாள். சில நேரம் பொறி அடிக்கிறது என்றாள், சில நேரம் இல்லை என்றாள். உண்மை அதுதான். மச்சானுக்கோ அவள் வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் சொல்வதாகச் சந்தேகம். ஒரு நாள் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை அவள் கையில் திணித்து, "வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. புடி" என்றிருக்கிறார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

வயரிலிருந்து ஏறும் அந்த அடி எப்படி இருக்கும் என்று பிறகொரு நாள் அக்காவிடம் கேட்டேன். விரலில் ஆரம்பித்து, முழங்கையைத் திருகி, தோளுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருக்கும் என்றாள். பல் கிட்டிவிடுமாம். நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டாம். உள்ளங்கையில் ஊசியால் சுட்டது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அந்த வேதனைக்குள்ளும் அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அடி தோள்வரை ஏறும். ஹயர் போய்த் திரும்பி எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது, எத்தனை தரம் இழுத்தாலும் கையில் சின்னக் கூச்சம்கூட வராது. ஆறிய பிறகு திரும்பவும் உதைக்கும். வயரைப் புதிதாக மாற்றிய பிறகும் அப்படியேதான். வயருக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கறுப்புப் பெட்டிதான் மிச்சம். கரண்டைப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்புகிற காயில் அது. சூடு ஏறினால் அது செத்துவிடுகிறது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில், அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"சூடானா கரண்டு வர மாட்டேங்குதுங்க. ஆறுனா வருது. காயில்தான் போயிருக்கும் போல."

மச்சான் சீட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். "யாரு சொன்னான்?"

"யாரும் சொல்லலங்க. கையில தெரியுது."

"பொம்பளைக்குக் காயிலு தெரியுமா? எந்த கராஜ்காரன் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தான்?"

அவள் பதில் சொல்வதற்குள் கையில் இருந்த, சில்லு கழற்றும் ஸ்பேனரால் அவளுடைய தோளில் அடித்தார். அவள் குப்புற விழுந்தாள். விழுந்தவளின் முதுகில் மிதித்தார். நான் ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் முகத்தில் முழங்கையால் இடித்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம் கரித்தது. லயத்துக் கதவுகளில் ஆட்கள் நின்றார்கள். "வேணாம்பா, விட்டுரு" என்று ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே சொன்னார். கோயில் தலைவர் வந்து புத்தி சொன்ன நாட்களில் அடி இரண்டு மடங்கானது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் யாரும் வரவில்லை. அடித்துக் களைத்த பிறகு மச்சான் பிளக்கைப் பூட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹயருக்குப் போனார். எஞ்சின் ஆறியிருந்ததால் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

வீட்டுக் காம்பராவுக்குள் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டு, இப்போதே போய்விடலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் எழும்பவில்லை.

"இப்பப் போனா ரோட்டுல நேருக்கு நேரா அவருதான் வருவாரு. ஒரே ரோடு. போய்ட்டு வரட்டும். வண்டி கொதிக்கக் கொதிக்க வந்து நிக்கும்ல, அப்பப் போவோம். அப்பதான் அது ஸ்டார்ட் ஆகாது."

அடித்துவிட்டுப் போனவர் திரும்பி வருவதற்காக நாங்கள் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு காத்திருப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அக்கா சோறு வடித்தாள். ஒரு கை தூக்க முடியாததால் நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். பையில் இரண்டு சேலையும் அடையாள அட்டையும் வைத்தோம். கீழே பாதையில் எந்தச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேருக்கும் கை நின்றுவிடும். பகல் சாய்கிற நேரத்தில், டப் டப்பென்று அடைத்துக்கொண்டு ஆட்டோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வருமுன்பே எஞ்சின் செத்து, கடைசித் தூரத்தை அவர் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். வீங்கிப்போன முகத்தோடு பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டாள். நான் முகம் கழுவப் போவதாகச் சொல்லி, பையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போனேன். சற்று நேரத்தில் அக்கா குடத்தோடு வந்தாள். குடத்தைத் தண்ணீருக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேரும் தேயிலைக்குள் இறங்கினோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். மேலே கம்பி இழுக்கிற சத்தம் கேட்டது. கர்ரென்று ஒரு இழுப்பு. மறுபடியும். மறுபடியும். எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை. பிறகு ஏதோ கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அக்கா திரும்பிப் பார்க்காமல், "ஓடு" என்றாள்.

மெயின் ரோட்டில் ஏறும்போது அவர் எங்களுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைத் தடியை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி அது. அக்காவின் கழுத்துக்கு வீசியதை அவள் வலது கையை உயர்த்தித் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகுதான் இரத்தம் வந்தது. நான் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானில் கிடந்த கல் ஒன்றை எடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்து எறிந்தேன். கன்னத்து எலும்பில் பட்டு அவர் தடுமாறினார். இன்னொரு கல்லையும் எடுத்தேன். அவர் விழும்வரை எறிந்திருப்பேன். அந்த வெறி எனக்குள் எங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அப்போது பிபிலைப் பக்கமிருந்து வந்த பதுளை பஸ் எங்களுக்குப் பக்கத்தில் பிரேக் அடித்து நின்றது. கண்டக்டரும் இரண்டு பிரயாணிகளும் குதித்து இறங்கினார்கள். கத்தியைப் பிடுங்கப் போன கண்டக்டரின் விரலும் அறுபட்டது. சாரதி எங்களை ஏறச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். மச்சானைக் கானுக்குள் தள்ளிவிட்டு அவர்களும் ஓடி வந்து ஏறினார்கள்.

என் துவாயை அவளுடைய கையில் இறுக்கிக் கட்டினேன். அக்கா அழவில்லை. உதடு வெளுத்துப்போய் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"பஸ்ஸ எங்கயும் நிப்பாட்ட வேணாம்னு சொல்லு. வண்டி ஆறிரும்."

பசறையில்கூட நிறுத்தாமல் சாரதி நேரே பதுளை ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுவந்தார்.

கையைத் தைத்தார்கள். நரம்பு அறுந்திருந்ததால் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸாரிடம் அக்கா கத்தியைப் பற்றி மட்டும் சொன்னாள். வயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு நான் கோபப்பட்டேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "அதச் சொன்னா, நீ ஏம்மா புடிச்சேன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்றாள். வழக்கு நடந்தது. மச்சான் கொஞ்ச காலம் உள்ளே இருந்தார், பிறகு வெளியே வந்தார். அக்கா பதுளையில் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிட்டவே ஒரு அறையும் எடுத்துக்கொண்டாள். தெமோதரைக்கு வந்துவிடு என்று அம்மா பல தரம் கூப்பிட்டும் போகவில்லை. அவரைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. மறந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பின்னால் யாராவது வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினால், அவளுடைய தோள் இன்றும் ஒரு தரம் தூக்கிப் போடும்.

போன வருடம், பெரகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என்னைவிட இளையவள், விடுதிச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். "நீங்கதானே அவரோட மொத சம்சாரம்?" என்று கேட்டாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அக்கா அவளை உட்காரவைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் பாதி குடித்ததும், அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வயரப் புடிக்கச் சொல்றானா?"

அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா 'அவன்' என்று சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றாள்.

பொலிஸில் பெண்கள் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு அலுவலர் இருந்தார். அந்தப் பெண் திணறித் திணறிச் சொல்ல, விட்ட இடங்களை அக்கா சொன்னாள். பிறகு தன்னுடையதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஈரத் தரை, வெறுங்கால், கம்பி இழுக்கிற சத்தம், நாக்கைக் கடித்துக்கொண்டது, எல்லாவற்றையும். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், அக்கா பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க ஏன் புடிச்சீங்க?"

"புடிச்சா அந்த நேரத்துக்கு மட்டும் அடிக்க மாட்டான்" என்றாள் அக்கா. "அதுக்குத்தான் புடிச்சேன். அப்படியே எழுதுங்க."

அந்தப் பெண் இப்போது அக்காவின் அறையில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் வேலை செய்கிறார்கள். அடுத்த மாதம் வழக்குக் கூப்பிடுகிறார்கள். அக்காவும் சாட்சி. போன கிழமை அவளைப் பார்க்கப் போனபோது, மச்சானின் வக்கீல் எல்லோருக்கும் முன்னால் அதே கேள்வியைத்தான் கேட்பார், தயாராக இரு என்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடங்காத இரண்டு விரல்களுக்கு இடையில் தண்டை இடுக்கி, மற்றக் கையால் இலையை உருவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"கேக்கட்டும்."