தயக்கம் என்று எழுதியிருந்தார்கள்

பிள்ளைகள் போன பிறகு கடைசி வகுப்பறையில் ஜன்னலோரமாகப் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் தனியாக இருக்கும் குவார்ட்டர்ஸில் சிக்னல் வராது. பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஒழுங்காகக் கிடைப்பது அந்த ஜன்னலோரத்தில்தான்.

பெருந்தொற்றின்போது உலகம் முழுக்கத் தடுப்பூசி எப்படிப் பங்கிடப்பட்டது என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட இருந்தார்கள். இலங்கைப் பகுதியை எழுதியது கொழும்பில் ஒரு குழு. எழுதியது நியாயமா என்று பார்க்கத் தோட்டப் பக்கத்து ஆள் வேண்டுமென்று, டீச்சரான என்னைச் சேர்த்திருந்தார்கள். அன்றைய வீடியோ கூட்டம் சிங்களத்தில் நடந்தது. தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

வரைவில் ஒரு வரி என்னை நிறுத்தியது: 'தோட்ட மக்களின் தயக்கத்தால் தடுப்பூசி தாமதமானது.'

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "எங்க ஆட்கள் மழையில வரிசையில நின்னாங்க. ஊசி முடிஞ்சிருச்சுன்னு திருப்பி அனுப்பினாங்க. பணக்கார நாடுகள் வாங்கிக் குவிச்சதால நாட்டுக்கு வரலைன்னு முதல் பக்கத்துல எழுதியிருக்கீங்க. தோட்டத்துக்கு வராதது மட்டும் எங்க தயக்கமா?"

குழுவின் தலைவியான டாக்டர் கேட்டார்: "டீச்சர், யாருமே தயங்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "என் சொந்த அக்காவே தயங்கினா," என்றேன்.

"அப்ப வரி பொய்யில்லையே," என்றார், கனிவாகத்தான்.

"சிலர் தயங்கினாங்கன்னு போடுங்க. தாமதத்துக்குக் காரணம் அதுன்னு போடாதீங்க."

இனி மாற்ற நேரமில்லை என்றார்கள். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "சரி டீச்சர், ரொம்ப நன்றி," என்றார் டாக்டர். திரை அணைந்தது. வகுப்பறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வரும் வழியில் பக்கத்து லய வீட்டு வரிசையில் இருப்பவளிடம் சொல்லிப் பார்த்தேன். கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டே, "முடிஞ்சுபோன கதை தானே டீச்சர், யாரு படிக்கப் போறா?" என்றாள். அவள் சிரித்தது வலித்தது.

மறுநாள் யட்டியாந்தோட்டையில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அவள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்.

"என்னைப் பத்தியா சொன்ன?"

"பேரு சொல்லல."

"பயந்தது நெசந்தான். ஊசி போட்டா கை விழுந்துரும்னு சொன்னாங்க. கை இல்லாம எப்படிப் பால் வெட்டுறது? யாராச்சும் வந்து எடுத்துச் சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். ஒருத்தரும் வரலியே."

இதைக் கூட்டத்தில் சொல்லத் தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது. அன்றைக்கே டாக்டருக்கு எழுதி அனுப்பினேன். நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

அறிக்கை வெளியானபோது வரி அப்படியே இருந்தது. என் பெயர் இல்லை. ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தேன். ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.