கம்பத்தில் பட்ட பந்து

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்று தம்பி அழைத்துச் சொன்னபோது நானும் கணவரும் அடிலெய்டில் இருந்தோம். கோலாலம்பூருக்குத் தெற்கே அப்பா வீடு இருக்கும் ரெங்கத்தில் மூன்று மாதம் தங்கி, அப்பாவை எழுப்பி உட்காரவைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். இப்போது இங்கேதான் குடியிருக்கிறோம். நான் குளுவாங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறேன். அவர் செனாயில் ஒரு தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர்.

அவர் ஆஸ்திரேலியர். கோதுமை விளையும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். பள்ளி முடித்த கையோடு ஒரு பெரிய காற்பந்துக் குழு அவரை எடுத்துக்கொண்டது. அது நாம் ஆடும் காற்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், எகிறும்போது எதிராளியின் தோளில் முட்டி பதித்து ஏறிக்கூடப் பிடிக்கலாம். வார இறுதியில் ஒரு நகரமே போய் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம் அது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அடிலெய்டில் நான் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவராகத்தான் அவரை முதலில் பார்த்தேன். பள்ளி ஆசிரியர் என்றார், நம்பினேன். பழகிச் சில மாதம் கழித்துப் பேரங்காடியில் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். வயதான ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, "கம்பத்தில் அடித்தது நீதானே?" என்று கேட்டார். இவர் சிரித்துத் தலையாட்டினார். காருக்கு வந்ததும் வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. பிறகு சொன்னார்.

இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டம். ஜெயித்தால் இறுதிக்குப் போகலாம். இவர் குழு நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது. முடிவுச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன் இவர் பந்தைப் பிடித்துவிட்டார். அப்படிப் பிடித்தவருக்குச் சங்கு ஊதிய பிறகும் ஓர் உதை உண்டு. நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையில் பந்து போனால் ஆறு புள்ளி, கம்பத்தில் பட்டால் ஒன்றுதான். இவர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது. அடுத்த ஆண்டு முட்டி போனது. கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசினார், கை குலுக்கினார், அவ்வளவுதான். அத்தனை ஆண்டு ஆடியதில் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது அந்த ஓர் உதையை மட்டும்.

ரெங்கத்தில் யாருக்கும் அது தெரியாது. இங்கே அவர் எங்கள் வீட்டு வெள்ளைக்கார மாப்பிள்ளை. அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பது அவர் வேலை. "மாமா, ரெடி?" என்பார். "ரெடி மாப்ள" என்று அப்பா இடது கையை அவர் கழுத்தில் போடுவார். தம்பியும் நானும் சேர்ந்து திணறிய வேலையை அவர் மூச்சு வாங்காமல் செய்வார்.

தம்பி செனாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஞாயிறு காலையில் நாற்பது தாண்டியவர்களோடு திடலில் காற்பந்து ஆடுவான். மச்சான் காற்பந்து வீரர் என்று அவனுக்குத் தெரியும், என்ன காற்பந்து என்று அவன் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிப்போய் முன்வரிசையில் நிறுத்தினான். நானும் போயிருந்தேன். மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. இவர் இரண்டடி ஓடி எகிறி, எதிர்க்குழுக்காரரின் தோளுக்கு மேலே போய், பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். திடலே நின்றுவிட்டது.

"அலமாக், என்ன மச்சான் இது?" என்றான் தம்பி.

இவர் பந்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. முதலில் சிரித்தவர் அவர்தான்.

அடுத்த வாரத்திலிருந்து அவரைக் கோல் காவலராக்கிவிட்டார்கள். அவர் நிற்கும் பக்கம் உயரமாகப் பந்தடிக்க யாரும் துணியவில்லை. ஆட்டம் முடிந்து கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அடிலெய்டில் நான் பார்க்காத முகம் அது.

தம்பியின் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். தம்பி பெருமையாக, "ஒங்க ஊரு ஆளு எங்க டீம்ல இருக்காரு, வந்து பாருங்க" என்று ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தான். அந்த மனிதர் இவரை எட்ட இருந்தே அடையாளம் கண்டுகொண்டார். கெட்டவர் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு, பந்து கம்பத்தில் பட்ட அன்றைக்குத் தன் அப்பாவோடு திடலில் இருந்ததாகவும், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருவரும் பேசவே இல்லை என்றும் சொன்னார். கணவர் பொறுமையாகக் கேட்டார். கடையில் நுரைக்க ஆற்றிக் கொடுத்த தே தாரிக் கோப்பையிலேயே ஆறிப்போனது. ரொட்டியை அவர் தொடவில்லை.

அன்று மதியம் தம்பி அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்துவிட்டான். சமையலறைக்கு வந்து, "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அந்த ஆள கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்" என்றான். குரல் தாழ்த்தித்தான் பேசினோம். ஆனால் வீட்டில் யார் என்ன பேசினாலும் அப்பாவின் காதுக்குத் தப்பாது.

"என்னா அது? எனக்குக் காட்டு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. வாய் கோணிப்போனதிலிருந்து அவர் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டிருந்தார். "காட்டு" என்றார்.

அப்பா கைப்பேசியை இடது கையில் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

"இத்தன பேருக்கு நடுவுல எப்படி மாப்ள புடிச்சீங்க?" என்று கேட்டார்.

தம்பி குனிந்து, "அது இல்லப்பா, அதுக்கப்புறம் ஒதைச்சத பாருங்க" என்றான்.

"பாத்தேன் லா. கம்பத்துல பட்டுச்சி. அதுக்கு முன்ன மாப்ள புடிச்சத கேக்கறேன்."

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பிடியைப் பற்றி இதுவரை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று கணவர் என்னிடம் மெல்லச் சொன்னார். பிறகு ஐஸ் கட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தம்பியை எதிராளியாக நிறுத்தினார். பந்துக்குப் பதில் சோபாத் தலையணை. காற்று எந்தப் பக்கம் அடித்தது, பின்னால் வந்தவரின் மூச்சுச் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் கேட்டது, எப்போது தரையை விட்டுக் கிளம்பினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை காலத்தில் அந்த ஆட்டத்தை அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அப்பா ஏதாவது கேட்பார். ஊரில் மழை பெய்தால் ஆடுவீர்களா? சம்பளம் ஒழுங்காக வருமா? எலும்பு முறிந்திருக்கிறதா? அவர் சொல்வார், நான் தமிழாக்குவேன். சில மாதத்தில் நான் குறுக்கே வராமலே இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். யாரும் முடிவென்று எடுக்கவில்லை. திரும்பும் பயணத்தை ஒருமுறை தள்ளிவைத்தோம், இன்னொரு முறை தள்ளிவைத்தோம், பிறகு அடிலெய்டு வீட்டை வாடகைக்கு விட்டோம்.

முட்டி வீங்குவது அதிகமானதால் ஞாயிறு ஆட்டத்தை மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு அவருடைய பழைய குழு ஒன்றுகூடலுக்கு அழைத்தது. அந்த அழைப்பு அவ்வப்போது வரும். ஒவ்வொரு முறையும் வேலை இருக்கிறது என்று எழுதிவிடுவார். இந்த முறை, "போலாமா?" என்று என்னிடம் கேட்டார். போனோம். மண்டபத்தில் ஒரு சுவரில் அந்த ஆட்டத்தை ஓடவிட்டிருந்தார்கள். கடைசி நிமிடம் வந்தபோது பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவருக்குப் பந்தை அடித்துக்கொடுத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன்னிடம் பேச வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றார். மண்டபத்தைப் பூட்டும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது கோலாலம்பூர்வரை விமானத்தில் நன்றாகத் தூங்கினார். செனாய் விமான நிலையத்தில் இறங்கியபோது தம்பி காரோடு நின்றான். முன் இருக்கையில் அப்பா. வரவேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லையாம்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா மாப்ள?" என்றார் அப்பா.

"நல்லா இல்ல மாமா" என்றார் அவர். போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்திச் சாப்பிட்டோம்.