அக்கா வானத்தில் இருந்த நேரம்

அக்கா சிட்னியில் விமானம் ஏறியபோது இங்கே விடியற்காலை நாலரை மணி. எட்டு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பிறகு நாலு மணி நேரத்தில் சென்னை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆறு வயது மகளை முதல்முறையாக எங்கள் அம்மாவிடம் காட்ட அழைத்து வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு மூச்சிழுப்பு உண்டு.

ஆறு மணிக்கு நான் கண்விழித்தபோது எண்ணூர் வீட்டுக்குள் மூத்திர நெடி போல ஒன்று நின்றது. தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் நெடி புதிதல்ல. அம்மா அதைப் பொருட்படுத்தாமல் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரன் எதுனா தொறந்து வுட்டுருப்பான். வெயில் ஏறுனா பூடும்."

வெயில் ஏறியும் போகவில்லை. எட்டு மணிக்குக் கண் எரிந்தது. கடற்கரைக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் வாயில் ஈரத்துண்டோடு வந்தார்.

"மீனெல்லாம் செத்து ஒதுங்கிக் கீதுப்பா. அம்மாவ கூட்டினு மொதல்ல கெளம்பு."

அம்மா மறுத்தாள். "பொண்ணு வர்ற அன்னிக்கு வூட்டப் பூட்டிக்கினு போவச் சொல்றியா?"

சிங்கப்பூரிலேயே தங்கிவிடு என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. செல்போன் வரைபடத்தில் அவளுடைய விமானம் அப்போதுதான் ஆஸ்திரேலியாவின் வடகரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு அம்மா அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. குழம்பை இறக்கக்கூடத் தோன்றாமல், அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோவில் அவளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ராயபுரம் போனோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று ஒருநாள் தாண்டட்டும் என்றார் டாக்டர்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது.

"இறங்கிட்டோம்டா. இன்னாது, இங்கியே தங்குன்னு அனுப்பிக்கிற? அம்மாகிட்ட குடு."

"வூட்டாண்ட கேஸ் லீக்காயிடுச்சுக்கா. அம்மா ஆஸ்பத்திரில கீது."



"உசுரோட கீதா?"

"கீது. நீ ரெண்டு நாள் கழிச்சு வா. கொழந்தைக்கு ஆவாது."

"ரெண்டு நாள் கழிச்சு அம்மா இருக்கும்னு சொல்லு, நிக்கிறேன்."

 இரண்டு மணி நேரத்தில் அவள் சென்னை விமானத்தில் ஏறிவிட்டாள். அடுத்த நாலு மணி நேரமும் நான் ஒரு கண்ணை அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதிலும், மறு கண்ணை செல்போனில் வங்காள விரிகுடா மேலே நகர்ந்த அந்த விமானப் புள்ளியிலும் வைத்திருந்தேன். புள்ளி சென்னையில் வந்து நிற்பதற்குள் மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

மீனம்பாக்கத்திலிருந்து அவர்கள் வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. குழந்தையை வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா அவளைத் தூக்கிப் பிடித்தாள். அம்மா ஊசி குத்திய கையை லேசாக அசைத்தாள்.

அம்மா பிழைத்துவிட்டாள். குழந்தை மட்டும் எங்கள் வீட்டைப் பார்க்கவேயில்லை. ஊர் திரும்பும்வரை அடையாற்றில் ஒரு ஓட்டலில்தான் தங்கினார்கள். அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துப்போக அக்கா டாக்டரிடம் கேட்டாள்.

"அவ்ளோ தூரமெல்லாம் ஃப்ளைட்ல இந்த நுரையீரல் தாங்காதும்மா" என்றார் அவர்.

அம்மா என்னோடு எண்ணூரிலேயே இருக்கிறாள். தினமும் காலையில் வாசலுக்குப் போய் மூச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் ஜன்னலைத் திறக்கிறேன்.