ஸ்பீக்கருக்குள் போன தலையணை

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூணாங்கிளாஸோடு நின்றவன் நான். ஆனாலும் தம்போய் டவுனில் என் வீட்டு ஹாலில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் நானே பலகை அறுத்து, நானே ஒட்டியவை. கடைச் சாமானெல்லாம் பக்கத்தில் நிற்காது.

கல்யாணமான புதிதில் செய்தது. பெருமை காட்ட, ஃபேக்டரி நண்பர்களைக் கூப்பிட்டுப் பாட்டைப் போட்டேன். பெட்டி கும்கும் என்று முழங்கியதே தவிர, பாடுகிறவர் குரல் தெளியவில்லை.

"அலமாக்! என்னண்ணே, பாடுறவரத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டீங்களா?" என்றான் நண்பன் குமார். எல்லாரும் சிரித்தார்கள். மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"முழக்கம் அடங்க உள்ள பஞ்சு வைக்கணும்னு ஸ்பீக்கர் கடையில சொன்னாங்க. நான்தான் நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்" என்று முனகினேன்.

என் மனைவி எழுந்து போய், தாய்வீட்டில் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் கிழித்தாள். பஞ்சை அடைத்து மூடினேன். பாட்டு தெளிவாக வந்தது. குமாரே இன்னொரு பாட்டுப் போடச் சொன்னான்.

அவர்கள் போனதும், "தலையணை இல்லாம எப்படிப் படுப்ப?" என்று கேட்டேன்.

"ஏன், உங்க கை எதுக்கு இருக்கு?" என்றாள்.

வீடு, கார் எல்லாம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவன் நான். அவளுக்குப் புதுத் தலையணை வாங்க மட்டும் ரொம்ப நாளாக மனசே வரவில்லை.