ஒன்றாம் நம்பர் டின்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வட்டமான ஒரு அலுமினிய கேக் டின் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறைதான் அது கீழே இறங்கும். கேக் செய்யத் தெரியாத வீட்டில் இதற்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள், இந்த டின் என் தொழில் வழியாக வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதை என் கையில் திணித்தவர் பெங்களூரு காக்ஸ் டவுனில் பேக்கரி வைத்திருந்த ஆன்ட்டி. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கொஞ்சமும் கூசாமல் “என்ன மகளே” என்று திரும்பிப் பார்ப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் அந்த வட்டாரத்து வீடுகளில் கேக் மாவைக் கலக்கி, டின்னோடு அவருடைய பேக்கரிக்கு எடுத்து வருவார்கள். உற்றார் உறவினர் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு வீட்டு அடுப்பில் சுட முடியாது. பேக்கரியின் பெரிய அடுப்பில் சுட்டு வாங்கிக்கொண்டு ஒரு சின்னக் கூலி கொடுத்துவிட்டுப் போவார்கள். பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறப்போடும் வீடும் உண்டு, ஒரு சொட்டு சரக்கும் படக்கூடாது என்று சத்தியம் செய்த வீடும் உண்டு. எல்லாம் ஒரே அடுப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காரும். சுட்டு வெளியே வந்துவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு அவர் அறிமுகமாவதற்கு முந்தைய வருடம் ஒரு பில்லிங் பேக்கேஜ் வாங்கியிருந்தார். கடையில் போய் எடுக்கும் ரெடிமேட் சட்டை மாதிரி, எல்லா பேக்கரிக்கும் ஒரே அளவில் தைத்தது. விலையும் குறைவு. பன்னுக்கும் பஃப்ஸுக்கும் அது பிரமாதமாக வேலை செய்தது. அந்த தைரியத்தில் டின்களையும் அதிலேயே ஏற்றினார்கள். போன் நம்பர் போடாமல் அது அடுத்த அடி எடுத்து வைக்காது. ஒரு நம்பர் என்றால் அதற்கு ஒரே ஆள்தான். மாடியில் மாமியார், கீழே மருமகள், இருவருக்கும் ஒரே போன் என்ற வீடு வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாக்கி, இரண்டு டின்னுக்கும் ஒரே மாதிரிச் சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாமியார் பேக்கரிக்கு வந்து, “என் கேக்ல வாசனையே இல்லையே, என்ன பண்ணீங்க?” என்று சண்டை பிடித்தார். அவர் பின்னாலேயே மருமகள் அழுதுகொண்டே வந்தாள். “ஆன்ட்டி, ஜெபக் கூட்டத்துல பாஸ்டர் மூணு பீஸ் சாப்பிட்டுட்டாரு. இவ்ளோ நல்ல கேக்கு சாப்பிட்டதே இல்லைன்னு சாட்சி வேற சொன்னாரு!”

ஊர் சிரித்தது, ஆன்ட்டி சிரிக்கவில்லை. “அடுத்த வருஷம் ஒரே ஒரு டின்னு மாறிச்சுன்னா, அதோட வெளி டின்னு எடுக்கிறதையே நிறுத்திடுவேன்” என்று சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷி. அந்த அடுப்பில் சொந்த கேக்கைச் சுட்டு விற்றால் இதைவிட லாபம் என்று அவருடைய தம்பி மகன் ஏற்கெனவே காதில் ஓதிக்கொண்டிருந்தான். வட்டாரமே பயந்துபோனது. வேலையை விட்டுவிட்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அறை பிடித்துத் தனியாக உட்கார்ந்திருந்த என்னிடம் யாரோ அவரை அனுப்பி வைத்தார்கள்.

நான் முழு பேக்கரிக்கும் புதிதாக எழுதித் தருகிறேன் என்று ஆசையோடு ஒரு தொகை சொன்னேன். “இந்தக் காசுக்கு இன்னொரு அடுப்பே கட்டிடலாமே!” என்றார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, என் தொழில்காரர்கள் பலருக்கு இன்றும் புரியாத ஒன்றைச் சொன்னார். “பன்னு விக்கிறதுக்கு நீ எதுக்கும்மா? அதுக்கு அந்த ரெடிமேட் போதும். உலகத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் பன்னு விக்கிறான். எங்க டின்னு மட்டும்தான் எங்க மாதிரி. அதை மட்டும் எழுதிக் குடு.” என் தொகை அந்த இடத்திலேயே கால்வாசியாகச் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

அவருடன் உட்கார்ந்து எழுதிய அந்த ப்ரோகிராமில் போன் நம்பர் கட்டாயமில்லை. முதலில் எந்த வீடு, அடுத்து அந்த வீட்டில் யார், அதற்கடுத்து சரக்கு உண்டா இல்லையா. வேலை முடிகிற சமயத்தில் ஒரு நிபந்தனை போட்டார். மேஜைமேல் ஒரு புது டின்னை வைத்து, “முதல் நம்பர் உன்னோடது. உன் கேக்கும் அந்த அடுப்புல இருந்தாத்தான் நீ ஒழுங்கா எழுதுவ” என்றார். எங்கள் வீட்டில் கேக் சுடும் வழக்கமே கிடையாது என்றேன். “பேடா, கதை பேடா, வேணாம்” என்று கன்னடமும் தமிழுமாக வாயை அடைத்துவிட்டார்.

அம்மா கேசரி கிளறுகிற நம்பிக்கையோடு மாவு கலக்கினாள். அந்த டிசம்பர் வாரம் முழுவதும் கல்லா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு டின் வெளியே வரும்போதும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவளைப் போல நகத்தைக் கடித்தேன். ஒன்றுகூட மாறவில்லை. மாமியாரும் மருமகளும் கடைசியாக வந்து, அவரவர் டின்னை மோந்து பார்த்து உறுதி செய்துகொண்டு போனார்கள். என்னுடையது நடுவில் பள்ளம் விழுந்து வந்தது. “ப்ரோகிராம் பாஸ், கேக் ஃபெயில்” என்று ஆன்ட்டி கடை அதிரச் சிரித்தார்.

தனியாக எழுதி வாங்குவதன் செலவு அதோடு முடியவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டர் மாறினால் நான் போக வேண்டும், பிரின்டர் மாறினால் நான் போக வேண்டும். “உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்” என்று அலுத்துக்கொள்வார், உடனே ஒரு தட்டில் பஃப்ஸ் வைப்பார். நான் ஊருக்குப் போயிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. எனக்கும் டிசம்பர் மாதத்தில் ஊருக்குப் போக மனம் வராமலே போய்விட்டது.

ஆன்ட்டி இப்போது இல்லை. அவர் போன பிறகு அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கல்லாவில் வேறு ஆளைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. போன வாரம் அவருடைய தம்பி மகன் போன் செய்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புது பேக்கேஜ் வாங்கிவிட்டானாம், பழைய ப்ரோகிராமில் இருக்கிற வீட்டுப் பெயர்களை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். சரி, சொந்தக் கேக்கை விற்கத்தான் பெயர்களைக் கேட்கிறான், வெளி டின்களுக்கு இதோடு முழுக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கனத்த மனதோடுதான் போனேன்.

புதுத் திரையைத் திருப்பிக் காட்டினான். எந்த வீடு, வீட்டில் யார், சரக்கு உண்டா இல்லையா, எல்லாம் இருந்தது. இந்த வருடப் பதிவும் தொடங்கியிருந்தது. முதலில் வந்தவருக்கு இரண்டாம் நம்பர் விழுந்திருந்தது. ஒன்று எங்கே என்று கேட்டேன்.

“அது உங்களோடதுக்கா. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டுப் போயிருக்காங்க. ரெடிமேட்ல அப்படி வராதுன்னான் கம்பெனிக்காரன், அதுக்குன்னு தனியா சார்ஜ் பண்ணிட்டான்.” பிறகு கொஞ்சம் கண்டிப்பான குரலில் கேட்டான்: “டின்னு எப்போ கொண்டு வரீங்க?”

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவை மாவு கலக்கச் சொன்னேன்.