பாண் கியூவில் மனிசிக்கு ஒரு கல்

எழுபத்து மூன்றோ எழுபத்து நாலோ, ஆண்டு சரியாக நினைவில் இல்லை. பாணுக்குக் கியூ நின்ற காலம் என்றால் என் வயதுக்காரருக்கு உடனே விளங்கும். திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு பேக்கரி வாசலில்தான் இது நடந்தது.

நான் டொக்யாட்டில் பெயின்டராக இருந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவன் போன பிறகும் அங்கேயே கிடந்து, கப்பல்களுக்குப் பேரும் இலக்கமும் எழுதியே தலை நரைத்தவன். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தைவிடக் கப்பலில் படித்த எழுத்துத்தான் எனக்குக் கூட. "கப்பல் போனாலும் கயிறு கரையில் கிடக்கும்" என்று எங்களோடு வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகு நானும் அந்தக் கயிறு மாதிரித்தான் கிடந்தேன். பென்சன் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அலுமாரியும் அங்கேயே நின்றது. நல்ல கட்டிலை மகன் கொண்டு போனான். அவன் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். மருமகளுக்குப் பிள்ளைப்பேறு என்று என் மனிசியை மூன்று மாதத்துக்குக் கூட்டிப் போனான். மூன்று மாதம் முடிய, பிள்ளைக்குச் சளி என்றார்கள். சளி சுகமாக, அடுத்த பிள்ளை வயிற்றில் என்றார்கள். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த சாமான்களில் நாங்களும் இரண்டு என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

யாரிலும் குற்றம் சொல்ல ஏலாது. மகள் என்னை நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிறபோது எதிரே இருந்த கதிரை வெறுமையாகக் கிடக்கும். அதை எப்படி வெளியில் சொல்லுவது? அறுபது தாண்டிய ஒருவன் மனிசியைத் தேடுகிறான் என்றால் ஊர் சிரிக்காதா? யாரையும் கேட்காமல், என் சொந்தக் காசில், பேரப்பிள்ளையைப் பார்க்கிற சாட்டில் ஒருக்கால் போய்வர வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் கல்லு வேலைக்குப் போனேன்.

கல்லு வேலை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு. விடிய முதலே ஆட்கள் வந்து, பேக்கரி வாசலில் தங்கள் இடத்துக்கு ஒரு கல்லையோ செங்கட்டியையோ சிரட்டையையோ வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவார்கள். கதவு திறக்கிற நேரம் வந்து தங்கள் கல்லில் நின்றுகொள்வார்கள். காவல் இல்லாத கல் என்றால் பின்னால் நிற்கிறவன் காலால் தட்டிவிடுவான். அதனால் வேலைக்குப் போகிற வீட்டுக்காரர்களுக்காகக் கல் வைத்து, கதவு திறக்கும்வரை காவல் நிற்கிறதுக்கு என்னைப் போல ஓய்வு பெற்ற சில பேர் கிளம்பினோம். சிலர் சில்லறை தருவார்கள். சிலர் பாணில் பாதி தருவார்கள். மகளுக்கு இது துப்பரவாகப் பிடிக்கவில்லை. இந்த வயதில் றோட்டில் நின்று தன் மானத்தை வாங்குகிறேன் என்று மூக்கைச் சீறினாள். காலையில் நிற்பது உடம்புக்கு நல்லதென்று டொக்டர் சொன்னதாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

என் கற்களை எல்லோருக்கும் தெரியும். மிச்சப் பெயின்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் கீறியிருந்தேன். வாத்தியார் வீட்டுக்குக் குடை. கைப்பிள்ளைக்காரி வீட்டுக்குப் பால்போத்தல். வள்ளக்காரர் வீட்டுக்கு மீன். அவற்றோடு இன்னொரு கல்லும் வைப்பேன். அதில் நீலப் பெயின்டில் ஒரு பறவை.

அந்தப் பறவைக்கு ஒரு கதை இருக்கிறது. கலியாணம் முடித்த புதிதில், மனிசியின் தகரப்பெட்டியில் வடிவாக ஒரு மயில் கீறித் தருகிறேன் என்று நின்றேன். கப்பலில் எழுத்து எழுதுகிற கைக்கு மயில் வருமா? கழுத்துக் கட்டையாகி, வால் குறுகி, கடைசியில் அது கோழியாகிவிட்டது. அவள் அதை அழிக்க விடவில்லை. சாகும்வரை சொல்லிச் சிரிக்க ஒரு பகிடி வேண்டாமா என்றாள். அதே கோழியைத்தான் கல்லிலும் கீறினேன். என் காலுக்குப் பக்கத்தில் அவளுடைய கல் கிடந்தால் நிற்கிறதுக்குச் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். கதவு திறக்கிறபோது அந்தக் கல்லுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கடைசியில் நிற்கிற யாராவது ஏலாத ஆளைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவேன்.

எங்களோடு கல்லுக் காவல் நின்றவர்களில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தா. என்னைவிட வயது குறைவுதான், ஆனாலும் கியூ முழுக்க அவவை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். வாய் சும்மா கிடக்காது. ஒரு நாள் என் கல்லைக் குனிந்து பார்த்து, இது கோழியா தாராவா என்று கேட்டா. மயில் என்றேன். மயிலுக்குத் தெரியுமா என்றா. அந்தக் கல்லுக்கு ஆள் வராததை அவ கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறா. கேட்கவில்லை.

ஒரு நாள் மா குறைவு, பாண் பாதிப் பேருக்கும் காணாது என்று கதை பரவியது. கதவு திறந்ததும் வழக்கம்போல, கடைசியில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். பின்னால் நின்ற ஒரு பழைய கந்தோர்ப் பியோனுக்குப் பொறுக்கவில்லை. என் கோழிக் கல்லைக் காலால் தள்ளிவிட்டார். அது போய் வீதியோரத்துக் கானுக்குள், ஊத்தைத் தண்ணியில் விழுந்தது.

"இவர் இடம் விக்கிறார். ஆளில்லாத கல்லை வச்சிட்டு, கடைசியில நிக்கிற ஆக்களிட்டக் காசு வாங்கிறார். எத்தினை நாளாப் பாக்கிறன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கல்லுக் காவலுக்கு வைத்த வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார்கள். இனிச் சும்மா நின்றால் கள்ளன் என்ற பேரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பேரும் போகும், வேலையும் போகும்.

"அது விக்கிற இடமில்லை," என்றேன். "என்ர மனிசியின்ர இடம்."

"மனிசி எங்க?"

"நுவரெலியாவில. மகனோட."

கியூவில் ஒருவர் தொடங்கினார். "நுவரெலியாவில இருக்கிற மனிசிக்குத் திருகோணமலையில பாணோ? அது அங்க போய்ச் சேர முன்னம் கல்லாப் போயிடுமே." அதோடு கியூ குலுங்கிச் சிரித்தது. கிழவருக்கு இப்பதான் கலியாண ஆசை வந்திருக்கு என்று இன்னொரு குரல். இடம் விற்றதாகச் சொன்ன பியோனும் சிரித்தார். என் மானம் ஒரு பக்கத்தால் தப்பி மறுபக்கத்தால் போனது.

ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. சிரிச்சது காணும், பாணை வாங்குங்க என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கானுக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தா. சேலைத் தலைப்பால் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டா. திருப்பித் தருவா என்று பார்த்தேன். தரவில்லை.

பாணோடு திரும்பி நடக்கிறபோது, எந்தத் தோட்டம், மனிசி போய் எவ்வளவு காலம் என்று சும்மா கதை கேட்கிற மாதிரிக் கேட்டா. சொன்னேன். வந்துடுங்க என்று அவவை ஒருக்காலாவது கேட்டீங்களா என்றா. எப்படிக் கேட்கிறது, அவளுக்கு அங்கே பேரப்பிள்ளைகள், நான் கேட்டு அவளுக்கு ஏன் சங்கடம் என்றேன்.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும், அண்ணன்," என்றா ராத்தா. "கெழவனா இருந்தாலும் அதான்."

அதற்குப் பிறகு கோழிக் கல் இல்லாமலே நின்றேன். கல்லைக் கேட்க வெட்கம். ஒரு கல்லுக்காக மனம் அப்படி ஏங்கும் என்று நான் நினைத்ததில்லை. காலுக்குப் பக்கத்தில் அது கிடந்த இடத்தை இன்னொருவரின் செங்கட்டி பிடித்துக்கொண்டது.

ஒரு நாள், கிழக்கு வெளுக்கிற நேரம், ஒரு லொறி பேக்கரிக்கு முன்னால் வந்து நின்றது. ராத்தாவின் தம்பி ஓட்டுகிற லொறி. கருவாடு ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், கரட், லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு வருவான். முன் சீற்றிலிருந்து ஒரு பொம்பிளை பிடித்துப் பிடித்து இறங்கினாள். சேலைக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை. திருகோணமலை வெக்கைக்குக் கம்பளிச் சட்டை போட்டு வருகிறது ஆர் என்று எல்லோரும் பார்த்தார்கள். கையில் எதையோ வைத்துக்கொண்டு, கியூ நெடுக ஒவ்வொரு கல்லாகப் பார்த்தபடி வந்து, எனக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் கோழியை எதில வைக்கிறது?"

காலை நகர்த்தி இடத்தைக் காட்டினேன். செங்கட்டிக்காரர் தானாகவே தன் கட்டியைத் தள்ளி வைத்தார். அவள் குனிந்து கல்லை வைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றாள். லீக்ஸ் மணம் அடித்தது. அன்றைக்கு என்னைக் கள்ளனாக்கப் பார்த்த அதே பியோன், அக்கா களைச்சு வந்திருக்கிறியள், முன்னுக்குப் போங்கோ என்று விலகினார்.

"வேண்டாம் தம்பி," என்றாள் அவள். "எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கினம்."

பிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. ராத்தாவின் தம்பி தோட்டத்துக்குத் தேடிப் போய், கல்லை மேசையில் வைத்து, இதுக்குப் பக்கத்தில ஒரு மனுசர் நாளாந்தம் நிக்கிறாரு என்று மட்டும் சொல்லியிருக்கிறான். இவள் கல்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தகரப்பெட்டிக் கோழி. இரண்டு சேலையை மடித்து எடுத்துக்கொண்டு, பாண் வாங்கப் போறன், வரக் கொஞ்சம் செல்லும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு லொறியில் ஏறிவிட்டாள்.

அன்று பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் மகளோட சுகமா இருக்கிறியள், நான் வந்தால் இடைஞ்சல் எண்டு நினைச்சன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே." அவளும் அங்கே, குளிருக்குள், நான் ஒரு சொல்லுச் சொல்லுவேன் என்று பார்த்திருந்திருக்கிறாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கஞ்சியை ஆறவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவள் வந்து நிரந்தரமாக நின்றுவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. மருமகளுக்கு அவள் கை வேண்டும், எனக்கும் அந்தக் குளிர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. கல் யாரிடம் போய்ச் சேருகிறதோ, அவர் புறப்பட வேண்டும். மனம் அவளைத் தேடினால் கல்லை அனுப்புவேன், அவள் அதோடு வருவாள். சில வேளை அவள் அனுப்புவாள், நான் கம்பளிச் சட்டையோடு லொறி ஏறுவேன். கூலி வாங்க மாட்டேன் என்று ராத்தாவின் தம்பி அடம்பிடிப்பான். பாண் கியூ இல்லாமல் போனது, எல்லோரும் நிம்மதியாகப் பாண் தின்கிறார்கள். ராத்தா இப்போது கிண்ணியாவில் மகளோடு. லொறி மட்டும் ஓடுகிறது.

மனிசி பொங்கலுக்கு வந்து நின்றுவிட்டுப் போனாள். போகிறபோது, இனி அனுப்புகிற முறை என்னுடையது என்று கல்லை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். முந்தநாள் அதைக் கழுவி, கோழிக்குப் புதிதாக நீலப் பெயின்ட் பூசினேன். இந்தத் தடவையும் அது மயிலாக வரவில்லை. காய்ந்ததும் லொறியில் கொடுக்க வேண்டும். யாராவது என்னிடம், எனக்கென்ன குறை, நான் சும்மா சுகமாக இருக்கிறேன் என்று சொன்னால், இவருடைய கல் எங்கே எந்தக் கானுக்குள் கிடக்கிறதோ என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றும்.