என் கையில் கொடுத்த சலங்கைத் தட்டு

அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் "சாந்தமான பொம்பளை" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் சாந்தமானவள் இல்லை. வங்காளத்தில், பவானிபூரில் ஒரே வீட்டில் அவர்கள் மாடியிலும் நாங்கள் கீழேயுமாகப் பதினோரு வருஷம் இருந்தோம். எனக்குத் தெரியாதா?

கூடப் பிறந்தவள் இல்லை. ஆறேழு வயது மூத்தவள், அதனால் அக்கா. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் துறைமுக ஆபீஸில் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தஞ்சாவூரில் பரதம் கற்றவள். இங்கே வந்ததும் மொட்டைமாடிக் கொடியில் கிடந்த ஈரத்துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தமிழ்க் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டுச் சொந்தக்கார வங்காளிகளின் பேத்திகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தாளக் கட்டையைத் தட்டிக்கொண்டே திட்டுவாள்.

"ஏய், காலா அது, கரண்டியா? கீழ் வீட்டுல கேக்கணும்டி!"

கேட்கும். என் சமையலறைச் சுண்ணாம்பு உதிரும்.

வெள்ளிக்கிழமை முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்களைப் போல் முணுமுணுக்கமாட்டாள். சண்டைதான். "உன் வேலையெல்லாம் நான் பாக்கறேன். என் வேலைய நீ எப்ப பாக்கப் போற?" என்பாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. பயந்து கும்பிடுகிற எனக்கு அது வாய்க்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு அகதிகள் வந்து குவிந்த வருஷம், என்னையும் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "உன்னை யாரு பேசச் சொன்னா? கஞ்சிய ஊத்து" என்றாள். அகதிகள் திரும்பிப் போன பிறகும் கஞ்சி நிற்கவில்லை. செவ்வாயும் சனியும் ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்க ஆள் வராத நோயாளிகளுக்கு ஊற்றிவிட்டு வருவோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரர் மார்வலி வந்து ஆபீஸிலேயே போய்விட்டார். மூன்றாம் மாதம் மாடியில் மறுபடியும் கட்டைச் சத்தம் கேட்டது. இது தகுமா என்று கேட்க வந்தவர்களிடம், "அவரு போனாரு. என் காலும் கூடவா போயிடுச்சு?" என்றாள்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் வருஷா வருஷம் அவள் பிள்ளைகளின் நாட்டியம் உண்டு. மேடை ஏறும் முன் பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தட்டிலிருந்து சலங்கையை எடுத்து ஒவ்வொருத்தி கையிலும் அவளே கொடுப்பாள். பிறகு மேடை ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போடுவாள். அவர் போன பின் வந்த உத்திரத்தன்றும் விடியற்காலையிலிருந்து இருநூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிவிட்டு, முகம் கழுவி, சலங்கைத் தட்டோடு மேடைக்குப் பின்னால் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சங்கக் காரியதரிசி மனைவியோடு உள்ளே வந்தார். ஆபீஸில் என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி அவர்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மங்களகரமான நாளு. சலங்கைய ஒரு சுமங்கலி எடுத்துக் குடுக்கட்டும். நீங்க திரைக்குப் பின்னால இருந்தே தாளம் போடலாமே?"

"பொங்கலும் இந்தக் கைதான் கிண்டிச்சு. அதைக் கொண்டுபோய்க் கொட்டிருவீங்களா?"

"அது வேறம்மா" என்று சிரித்தார். சிரித்தார்!

அவர் மனைவி அக்கா கையிலிருந்த தட்டை வாங்கி என் கையில் வைத்தாள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். 'நான் மாட்டேன்' என்று நான் சொல்லியிருந்தால் போதும். வேறு சுமங்கலியை அவர்கள் தேடிப் பிடித்திருப்பார்கள், இருக்கட்டும். அவள் பக்கம் ஒருத்தியாவது நின்றாள் என்று இருந்திருக்கும். எனக்கு என் வீட்டுக்காரரின் பதவி உயர்வு ஞாபகம் வந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

வரிசையில் முதலில் நின்ற வங்காளிக் குழந்தை, "டீச்சர் தரமாட்டாங்களா, மாஷி?" என்று கேட்டது. மாஷி என்றால் அவர்கள் பாஷையில் சித்தி. நான் அதன் கையில் சலங்கையைத் திணித்தேன்.

அன்று நாட்டியம் பாழாய்ப் போயிற்று. தாளம் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததால் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி ஆடின. சபைக்கு முதுகுதான் தெரிந்தது. "டீச்சர் சரியாச் சொல்லிக்குடுக்கல போல" என்று காரியதரிசியின் மனைவி என் காதில் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கஞ்சித் தூக்கோடு அக்கா வாசலில் நின்றாள்.

"வரியா இல்லையா?"

"அக்கா, என் மேல கோவமா?"

"கோவந்தான். அதுக்காகக் கஞ்சி ஆறணுமா? நட." படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னாள்: "குடுத்ததுதான் குடுத்த, தலைய நிமிர்த்திக் குடுத்திருக்கலாம்டி. பிள்ளைங்க பயந்துடுச்சுங்க."

அதற்குப் பிறகு அவள் சங்கத்தின் படி ஏறவில்லை. சாகும்வரை மொட்டைமாடியிலேயே பிள்ளைகளுக்குச் சலங்கை கொடுத்தாள். அவள் போன பிறகு அதே காரியதரிசி இரங்கல் கூட்டம் போட்டு, "நம் மேடையை அலங்கரித்த சாந்த சொரூபி" என்று பேசினார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், எழுந்திருக்கவில்லை.

அந்த உத்திரம் முடிந்த சில மாதத்திலேயே என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. காரியதரிசி வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார். காப்பி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.